ஞாயிற்றுக்கிழமை மரத்தூள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி ஆகிவிட்டால் ஜெகதீஸ்வரனுக்கு இருப்புக் கொள்ளாது. டீயைக் குடித்தும் குடிக்காமலும் வைத்துவிட்டு, சாக்கில் கட்டி வைத்திருக்கும் மரத்தூளைத் தோளில் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போவார். அங்கே பவளம் நிற்கும். செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதன் காலடியில் கணுக்கால் மூழ்க வைக்கோல் பரப்பியிருக்கும். சாக்கை அவிழ்த்து, அந்த வைக்கோல் கண்ணுக்குத் தெரியாதபடி மேலாகத் தூளை விசிறிவிடுவார். மூலை முடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தூவுவார். வாசலில் கோலம் போடுகிறவர்கள்கூட அத்தனை கவனமாகப் போட மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு ராஜஸ்தானிலிருந்து தம்பி மோகன்குமார் வீடியோவில் கூப்பிடுவான். போர்வெல் ரிக் வண்டியில் வேலை. முகமெல்லாம் கல்தூசி அப்பியிருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு, அண்ணியை ஒரு விசாரிப்பு, அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான்.

"பவளத்தக் காட்டுங்கண்ணா."

"இந்தா, பாத்துக்க சாமி. கீழயும் பாரு, தூளுதான் போட்டிருக்குது."

"நீங்க சொன்னாப் போதுமுங்கண்ணா. தரையெல்லாம் எதுக்குங்க காட்டீட்டு? அவ மூஞ்சிகிட்டக் கொண்டு போங்க."

போனை முகத்தருகே கொண்டுபோனால் பவளம் கண்ணாடியில் மூக்கை வைத்து ஊதும். அந்தப் பக்கம் மோகன்குமார் நாற்பத்தியொரு வயதை மறந்துவிட்டுச் சின்னப் பையனாகிவிடுவான். பேசி முடித்து போனைச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகு ஜெகதீஸ்வரன் கொஞ்ச நேரம் யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்.

ஜெகதீஸ்வரன் ஏமாற்றுக்காரர் இல்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அடுத்தவன் வரப்பில் ஒரு விரற்கடை மண்ணைக்கூட அவர் வெட்டியதில்லை. அப்பா போன பிறகு பதினொரு வயது இளைய தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அப்படிப்பட்ட மனுஷன் வாரா வாரம் ஒரு சாக்குத் தூளைத் தூவித் தம்பியை ஏமாற்றினார் என்றால், அதற்குப் பின்னால் அறுபது சென்ட் மஞ்சக்காடு இருந்தது.

குதிரை வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். மோகன்குமாருக்குப் பெண் அமையவில்லை. ரிக் வண்டி மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் காப்பியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்துவிடுவார்கள். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே கிடக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஏழாவது இடமும் தட்டிப்போன ஆடி மாதத்தில் அவன் அந்தியூர்ச் சந்தைக்குப் போனான். திரும்பி வரும்போது டெம்போவில் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை நின்றது. அண்ணி வசந்தாமணி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்து குதிரைக்கே சுற்றினாள்.

வந்த புதிதில் பவளம் ஓயாமல் இருமும். பழைய முதலாளி வைக்கோலில் கட்டி வைத்திருந்திருக்கிறார். அதிலிருந்து கிளம்பும் தூசி அதன் மூச்சுக்கு ஆகவில்லை. மோகன்குமார் நாலு பேரிடம் விசாரித்து, சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து மரத்தூளும் இழைப்புச் சீவலும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினான். எடுத்துப் போனால் போதும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சந்தோஷம். தூளில் நிற்க ஆரம்பித்த ஒரே மாதத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை வடக்கே கிளம்பும்போதும் அவன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான்.

"எதை மறந்தாலும் மறங்க, வைக்கோல மட்டும் கீழ போட்றாதீங்கண்ணா. அவளுக்கு ஆகாது."

ஜெகதீஸ்வரனும் ஐந்து வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். குதிரையைப் பற்றி வாய் ஓயாமல் குறை சொல்வார். "உழுகவும் ஆகாது, கறக்கவும் ஆகாது" என்பார். ஆனால் காலையில் கொள்ளு வைக்கப் போனால் பவளம் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும். அது தானாக எடுக்கிறவரைக்கும் அவர் நகர மாட்டார். சில நாள் கால் மணி நேரம்கூட அப்படியே நிற்பார். வசந்தாமணி பார்த்துவிட்டால் மட்டும், "சனியன், உடமாட்டீங்குது" என்று சலித்துக்கொள்வார்.

தொல்லை குப்பையில்தான் வந்தது. முன்னே கட்டுத்தரை நிறைய மாடு இருந்த குடும்பம். அப்பாவுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போய், கறவைக்கு ஒரே ஒரு மாடு மிஞ்சியது. அதன் சாணம் எந்த மூலைக்குப் போதும்? மஞ்சளுக்கு எரு வேண்டுமென்றால் குதிரை லத்தியும் அதோடு கூட்டித் தள்ளும் மரத்தூளும்தான் கதி. முதல் நாலு வருஷம் அந்தக் குப்பையைத் தென்னைகளுக்குப் போட்டு வந்தவர், போன வருஷம் மஞ்சக்காட்டில் அடித்து உழுதுவிட்டார். ஆறு மாதம் கிடந்த குப்பைதானே, மக்கியிருக்கும் என்ற நினைப்பு. அது மக்கவில்லை. தூள் தூளாக அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் நிறம் மாறியிருந்தது, அவ்வளவே.

மஞ்சள் முளைத்து ஒரு சாண் வந்ததும் இலையெல்லாம் வெளுக்க ஆரம்பித்தது. ஆடி முடிவதற்குள் காடே பழுத்த மாதிரி நின்றது. அடுத்த தோட்டத்து ஈஸ்வர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சும்மா போவாரா?

"எல்லாத்துக் காட்டுலயும் மஞ்சள் மண்ணுக்குள்ள இருக்கும் பங்காளி. உங்க காட்டுல மேலயே தெரியுது."

ஊர் முழுக்க அந்தப் பேச்சு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டீக்கடையில் சிரித்தார்கள். அப்பா கொடுத்துவிட்டுப் போன காட்டில், அப்பா வைத்திருந்த விதைமஞ்சளை நட்டு இப்படி நிற்க வேண்டியதாயிற்றே என்று ஜெகதீஸ்வரனுக்கு வேகாத வேக்காடு. விவசாய ஆபீசர் வந்து வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதிர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மரத்தூள் சுலுவா மக்காதுங்க. மண்ணுல போட்டா, தான் மக்கறதுக்கு வேண்டிய தழைச்சத்த மண்ணுல இருந்தே இழுத்துக்கும். பயிருக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஒண்ணரை வருசம் போட்டு வச்சுட்டு அப்பறம் எடுங்க. இல்லைன்னா கோழி எருவக் கலந்து, தண்ணி விட்டு, மாசம் ஒருக்காப் பொரட்டி உடுங்க. அதுல தழைச்சத்து எச்சா இருக்கு, ஆறேழு மாசத்துல மக்கிப் போயிரும். வைக்கோலா இருந்திருந்தா இந்த ரோதனையே இல்லீங்க, மூணு மாசம் போதும்."

அவர் மூன்று வழி சொன்னார். ஜெகதீஸ்வரனின் காதில் கடைசி வழி மட்டும் விழுந்தது. ஒன்றரை வருஷம் காத்திருக்கப் பொறுமையில்லை. கோழி எருவோ பக்கத்துத் தோட்டத்திலேயே மலையாகக் கிடந்தது, கேட்டால் ஈஸ்வர் ஒரு டெம்போ அனுப்பி வைத்திருப்பார். ஆனால் வரப்பில் நின்று சிரித்தவனிடம் போய்க் கேட்பதா? "எங்கப்பா காலத்துல இருந்து கோழிக் குப்பை இந்தக் காட்டுக்குள்ள வந்ததில்ல. அது சூடு. மண்ணச் சுட்டுப்போடும்" என்று வசந்தாமணியிடம் அடித்துப் பேசினார். அது வெறும் வீம்பு. வீம்பென்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஆவணியில் மோகன்குமார் ரிக் வண்டி ஏறினான். புரட்டாசிக் கடைசியில், மோகனூர்ப் பக்கம் நெல் அறுத்த வயல்களிலிருந்து மெஷின் சுருட்டிய வைக்கோல் கட்டுகள் ஒரு வண்டி வந்து இறங்கின. வசந்தாமணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க, தம்பி அத்தன சொல்லீட்டுப் போச்சே."

"இந்த ஒரு போகத்துக்குத்தான். சும்மாவா அஞ்சு வருசம் தூள்ல நின்னுது? அந்த இருமலெல்லாம் எப்பவோ போயிருச்சு. இந்தக் குப்பை ஒருக்கா நல்லா மக்கி வந்துட்டா, மறுக்கா தூளுக்கே மாத்திப்போடறேன்."

புதுக் குழி ஒன்று வெட்டி, தினமும் காலையில் லத்தியும் மூத்திரம் ஊறிய வைக்கோலும் வாரி அதில் போட்டார். பத்தே நாளில் குப்பை சூடேறியது. காலைக் குளிரில் குழியிலிருந்து ஆவி எழும்பியது. கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சுரீரென்று வெளியே இழுத்துக்கொண்டபோது அவருக்கு அப்படியொரு சந்தோஷம். பழைய தூள் குவியலோ ஓரத்தில் சில்லிட்டுக் கிடந்தது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதற்காக அவரை யாரும் வைய முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே மோகன்குமார் கேட்டுவிட்டான். "கீழ என்னுங்கண்ணா, மஞ்ச நெறமாத் தெரியுது?"

"திங்கறதுக்குப் போட்டது சிந்திருச்சு சாமி" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மரத்தூள் சாக்கு தோளுக்கு ஏறியது. திங்கட்கிழமை காலையில் அந்தத் தூளும் வைக்கோலோடு சேர்ந்து குழிக்குப் போனது. இப்படியே ஏழு வாரம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தகரக் கூரையின் ஓரமாக அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் சாரல் அடித்தது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், பிரித்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும். உதறிப் போட்டால் சரியாகிவிடும் என்று ஜெகதீஸ்வரன் உதறினார். கட்டுத்தரை முழுக்கப் புகை மாதிரித் தூசி. பவளம் அதையே படுக்கையாகவும் வைத்துக்கொண்டது, பொழுது போகாதபோது கடித்தும் தின்றது. கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம் முதல் இருமல் கேட்டது.

ராசிபுரத்திலிருந்து கால்நடை டாக்டர் மைதிலி வந்தார். சின்ன வயது, அதிகம் பேசாதவர். குதிரையின் விலாவில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். குனிந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், உடனே கீழே போட்டார்.

"இது பூஞ்சைங்க. இதோட தூசு இருக்கே, அது இந்தக் குதிரைக்கு விஷம் மாதிரி. முந்தி எதுல நின்னுச்சு?"

"மரத்தூள்லீங்க."

"அதையே போடுங்க. இன்னைக்கே இது பூராத்தையும் எடுத்துருங்க. மருந்து நான் தர்றேன், ஆனா இது கீழ இருக்கற வரைக்கும் மருந்து வேலை செய்யாது."

எடுத்தார். அன்றைக்கே எடுத்தார். பட்டறைக்குப் போய் மூட்டைகளைக் கொண்டுவந்து தரை முழுக்கத் தூளைப் பரப்பினார். ஊசியும் போட்டார்கள். பத்து நாளில் இருமல் நின்றது. பவளம் பழையபடி அவர் தோளில் தாடையை வைத்தது. அந்தப் பத்து நாளோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஆனால் தினமும் காலையில் குழியைப் பார்க்க வேண்டியிருந்தது. வெந்துகொண்டிருந்த குப்பையின் மேல் பத்து நாள் தூள் கனத்த அடுக்காகப் படிந்து கிடந்தது. ஆவி நின்றுபோயிருந்தது. பாதிக் குழிதான் நிறைந்திருந்தது, இது அறுபது சென்ட்டுக்குப் பற்றாது. ஈஸ்வரின் சிரிப்பு அவர் காதிலேயே இருந்தது. குதிரைக்குத்தான் சரியாகிவிட்டதே, மழையும் விட்டுவிட்டதே, நல்ல கட்டாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்துப் போட்டால் தூசி எப்படிக் கிளம்பும்? தை மாதம் வரைக்கும்தானே? இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டு, பதினோராம் நாள் மறுபடி வைக்கோலைப் பிரித்தார்.

"டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சுங்களா?" என்றாள் வசந்தாமணி.

"தண்ணி தெளிச்சுத்தான் போடறேன்."

நாலு நாள் தெளித்தார். ஐந்தாம் நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தெளிக்கவில்லை. அதற்கப்புறம் தெளிப்பது தானாக நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை தூள் தூவுவது மட்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

மார்கழிப் பனியில் பவளம் மறுபடி நோயில் விழுந்தது. இந்த முறை வெறும் இருமல் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது, மூக்குத் துவாரம் விரிந்து சிவந்து கிடந்தது. காய்ச்சல் கொதித்தது. டாக்டர் மைதிலி மூன்று நாள் வந்தார். முதல் நாள் கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் கீழே பார்த்தார். பிறகு ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. அன்றே எல்லா வைக்கோலையும் கையால் வாரி வெளியே எறிந்து, தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான தூளைப் போட்டார். காலம் கடந்திருந்தது. சளி நெஞ்சு முழுக்க இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறும் நேரம். குதிரையால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. நின்றுகொண்டே இருந்தது. ஜெகதீஸ்வரன் பக்கத்தில் போனார். எப்போதும் போலத் தாடையைத் தூக்கி அவர் தோளில் வைத்தது. அந்தக் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. அவர் இரண்டு கையாலும் தாங்கிப் பார்த்தார். முன்னங்கால் மடிந்தது. அப்புறம் எல்லாம் மடிந்தது. ஜெகதீஸ்வரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா போனபோதுகூட அழாதவர், வாய்விட்டு அழுதார்.

போனை எடுத்ததுமே மோகன்குமார் கேட்டான். "என்னுங்கண்ணா, வெள்ளிக்கிழமைல கூப்புடறீங்க?"

"பவளம் போயிருச்சு சாமி."

ரிக் ஓடும் சத்தத்திலிருந்து அவன் தள்ளிப் போவது கேட்டது.

"கஷ்டப்பட்டாளுங்களா?"

"இல்ல கண்ணு. வயசாயிருச்சு, பனி ஒத்துக்கல. அலுங்காமப் போயிருச்சு."

"நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, அது போதுமுங்க. நானா இருந்தாக்கூட உங்களாட்டம் பாத்திருக்க மாட்டனுங்கண்ணா."

அந்த ஒரு வார்த்தை போதும், ஒரு மனுஷனை ஆயுசுக்கும் தின்ன. ஜெகதீஸ்வரன் போனை வைத்துவிட்டுக் கட்டுத்தரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மத்தியானம் பொக்லைன் வந்து காட்டு மூலையில் வேம்படியில் குழி வெட்டியது. ஈஸ்வரும் வந்து நின்றார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண் தள்ளினார், ஒரு கிண்டல் பேச்சுப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஜெகதீஸ்வரன் குப்பைக்குழிப் பக்கமே போகவில்லை. "ஒருக்காப் பொரட்டி உடுங்க, அடியில இருக்கறதும் நல்லா மக்கும்" என்று வசந்தாமணி இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவரால் அதில் மம்பட்டி வைக்க முடியவில்லை. வைக்கோல் குப்பைக்குப் புரட்டலும் வேண்டியிருக்கவில்லை. கோடை மழை இரண்டு அடித்தது. குப்பை தானாக வெந்து, தானாக ஆறி, தானாகக் கறுத்தது. பவளத்தின் வாசனைகூட அதில் இல்லை. மண் வாசனைதான் வந்தது.

ஆனி பிறந்ததும் மோகன்குமார் வந்தான். இளைத்துப் போயிருந்தான். பையை வைத்த கையோடு வேம்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து அண்ணி கொடுத்த சோற்றைத் தின்றான். மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மம்பட்டியைத் தேடினான்.

"மஞ்சள் நடோணுமில்லீங்க. குப்பைய நான் அள்றேன்."

"ஆளுக்குச் சொல்லியிருக்கேன் சாமி. நீ செத்த ஓய்வா இரு."

"ஆளு எதுக்குங்கண்ணா? அவ போட்டுட்டுப் போனது. நானே அள்ளிக் காட்டுக்குப் போடறேன்."

தடுக்க வேறு காரணம் ஜெகதீஸ்வரனிடம் இல்லை. பின்னாலேயே போனார். குழியின் ஒரு பக்கத்தை மோகன்குமார் மேலிருந்து கீழ்வரை நெட்டுக்குத்தாக வெட்டித் தள்ளினான். கறுப்பாக, பொலபொலவென்று சரிந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மண்வெட்டி பிடித்து வளர்ந்த குடும்பம், பத்து வருஷம் ரிக்கில் கிடந்தாலும் கைக்கு அது மறக்காது. மரத்தூள் குப்பை ஒரு வருஷத்தில் இப்படி மக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். ஓரத்தில் பழைய தூள் குவியல் இன்னும் தவிட்டு நிறத்தில் கிடந்தது. அதைப் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். அப்புறம் வெட்டிய பக்கத்தைக் குனிந்து பார்த்தான்.

கறுத்த குப்பைக்கு நடுவே வெளிறிய கோடுகள் தெரிந்தன. விரல் தடிமன்கூட இல்லை. அரைச் சாணுக்கு ஒன்றாக, கீழே ஏழு. அதற்கு மேலே முழங்கை அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்கும் மேலே நாலு கோடு. வைக்கோல் எல்லாம் மக்கிப் போயிருந்தது, மரத்தூள் மட்டும் போட்டது போட்டபடி நின்றது.

"இது என்னுங்கண்ணா, கோடு கோடா?"



மோகன்குமார் ஒரு கோட்டிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்துத் தேய்த்தான். "தூளு" என்றான். மறுபடி கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். "வாரத்துக்கு ஒருக்காங்களா?"

"ஞாயித்துக்கெழமைக்கு."

பொய் சொல்ல வேண்டுமானால் அந்த இடத்தில்கூட ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் வரவில்லை.

"நான் கூப்புடறதுக்குங்களா?"

"ஆமா சாமி."

"நடுவுல மட்டும் திக்கா இருக்குதே?"

"டாக்டரம்மா வந்து பாத்துட்டு, வைக்கோல எடுக்கச் சொன்னாங்க. பத்து நாளு தூளு போட்டேன்."

"இருமல் நின்னுதுங்களா?"

"நின்னுது."

மோகன்குமாரின் விரல் அந்தப் பட்டைக்கு மேலே போனது. நாலு கோட்டையும் தொட்டது. கடைசிக் கோட்டில் கொஞ்ச நேரம் நின்றது. அது பவளம் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அது போன் கண்ணாடியில் மூக்கை வைத்து ஊதவில்லை. "தூக்கக் கலக்கத்துல இருக்குது" என்று ஜெகதீஸ்வரன் சொல்லியிருந்தார். அவனும் சிரித்துவிட்டு வைத்திருந்தான்.

அவன் கத்துவான் என்று ஜெகதீஸ்வரன் காத்திருந்தார். மம்பட்டியைத் தூக்கி எறிவான், சட்டையைப் பிடிப்பான், ஊரைக் கூட்டுவான். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். மோகன்குமார் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நல்லா மக்கியிருக்குதுங்கண்ணா" என்றான்.

கூடையை எடுத்து அள்ள ஆரம்பித்தான். இரண்டு நாள் அள்ளினான். ஒரு கூடை தூக்கிவிடக்கூட அண்ணனை விடவில்லை, தானே முழங்காலில் வைத்து ஏற்றிக்கொண்டான். அறுபது சென்ட்டுக்கும் சமமாக இறைத்தான், வரப்போரம்கூட விடவில்லை. இரண்டாம் நாள் பொழுது சாய, காலிக் கூடையோடு வரும்போது வேம்படியில் நின்று, அண்ணன் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"ஈஸ்வரண்ணங்கிட்ட ஒரு டெம்போ கோழி எரு வாங்கிக் கலந்திருந்தா, அந்தத் தூளே மக்கியிருக்குமுங்கண்ணா."

எப்போதும் இரண்டு மாதம் இருப்பவன் பன்னிரண்டாம் நாள் கிளம்பினான். வேலை இருக்கிறது என்றான். பஸ் ஏறும்போது "வாரனுங்கண்ணா" என்றும் சொன்னான். எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக இந்த முறை அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வருஷம் மஞ்சள் விளைந்தது மாதிரி அந்தப் பக்கத்தில் யார் காட்டிலும் விளையவில்லை. புரட்டாசியில் இடுப்புக்கு மேல் நின்றது, ஒவ்வொரு இலையும் அகலமாக, கரும்பச்சையாக. போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஈஸ்வர் வரப்பில் உட்கார்ந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார்.

"என்னத்தப் போட்டீங்க பங்காளி?"

"குதிரைக் குப்பைதான்."

"போன தடவையும் அதைத்தான போட்டீங்க?"

ஜெகதீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். இந்தக் காட்டை இப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். இப்போது அந்தப் பச்சையை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. காற்றடித்து இலைகள் உரசும்போது, அவருக்குப் பவளம் வைக்கோலைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது.

மோகன்குமார் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறான். உறவை அறுத்துக்கொள்கிற பிள்ளை இல்லை அவன். ஆனால் வீடியோவில் கூப்பிடுவதில்லை. குரல் மட்டும் வரும். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பான். நாலரை மணிக்கு ஜெகதீஸ்வரனுக்குப் பழக்க தோஷத்தில் எழுந்து நிற்கத் தோன்றும். கட்டுத்தரையில் பாதிச் சாக்குத் தூள் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. அதை எடுத்து எறிய வசந்தாமணிக்கும் மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள்ளேயே போய் நின்றார். மணியடித்ததும் எடுத்தார். சாப்பாடு, மழை, மோட்டார் எல்லாம் முடிந்தது. அவன் வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்ததும் அவசரமாகக் கேட்டார்.

"மஞ்சக்காட்டக் காட்டட்டுமா சாமி? வீடியோவுல வா. நெம்ப நல்லா வந்திருக்குது, ஒருக்காப் பாரு."



"வேண்டாமுங்கண்ணா" என்றான் மோகன்குமார். "நீங்க சொன்னாப் போதும்."

பிறகு அண்ணியிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.